பழைய பைக்குக்கு மாற்று மீற்றர்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் இன்றும் ஓடுகிற ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 125, சாளி போன்ற பழைய பைக்குகள் பலவற்றில் மீற்றர் முள் அசைவதில்லை. சிலவற்றில் மீற்றர் இருந்த இடத்தில் ஓட்டைதான் மிச்சம். இடம்பெயர்வில் விட்டுவிட்டுப் போய்ப் பிறகு மீட்டெடுத்தவை, வெயிலிலும் மழையிலும் கிடந்தவை, பல கை மாறி வந்தவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்கைத் திருத்தி வைத்திருப்பதே பலருக்கு ஒரே வழியாயிற்று. மாற்று மீற்றர் வாங்குவது, பூட்டுவது பற்றித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. எனக்குச் சில விஷயங்களில் உறுதியான கருத்து உண்டு. அதைக் காரணத்தோடு சொல்கிறேன்.

மீற்றர் வேலை செய்யவில்லை. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முள் அசையாததற்கு மீற்றர் காரணமாக இருப்பது குறைவு. கேபிள் அறுந்திருக்கும், அல்லது முன் சில்லின் ட்ரம் மூடிக்குள் இருக்கிற சின்னப் பல்லுச்சில்லு தேய்ந்திருக்கும்.

மீற்றருக்குப் பின்னால் கேபிள் நட்டைக் கழற்றுங்கள். முன் சில்லைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கேபிளின் உள்கம்பி நுனி சுழல்கிறதா? சுழன்றால் பழுது மீற்றருக்குள். சுழலாவிட்டால் உள்கம்பியை உருவி எடுத்துப் பாருங்கள். இரண்டு நுனியும் சதுரமாக இருக்க வேண்டும். மூலை மழுங்கி உருண்டையாகிவிட்டால் அது பிடிக்காது. கேபிளை மாற்றினால் போதும். கேபிள் நன்றாக இருந்தால் ட்ரம் மூடியைத் திறவுங்கள். நம்முடைய கிரவல் வீதிப் புழுதி கிறீஸோடு கலந்து உள்ளே சிவப்புக் களியாய் இறுகிக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, பல்லுகளை வெளிச்சத்தில் பாருங்கள். பிறேக் சப்பாத்தில் மண்ணெண்ணெயோ கிறீஸோ படக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகு மீற்றர்தான் போய்விட்டது என்று தெரிந்தால் கடைக்குப் போங்கள்.

மீற்றர் இல்லாமலே இவ்வளவு காலம் ஓடியாயிற்று. இனி எதற்கு?

வேகம் ஒரு காரணம். ஏ9 நெடுவீதியில் பொலிஸ் வேகமானியோடு நிற்கும்போது, ஊருக்குள் 50, வெளியில் 70 என்ற எல்லைக்குள் இருக்கிறோமா என்று காற்றின் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் எனக்குப் பெரிய காரணம் கிலோமீற்றர் எண்ணிக்கை. 2022-இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. தன் பைக் லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று தெரிந்தவர்கள் அந்த 4 லீற்றரைக் கணக்குப் பண்ணி ஓடினார்கள். தெரியாதவர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒயில் எப்போது மாற்றினோம், செயின் எப்போது போட்டோம் என்பதும் கிலோமீற்றர் தெரிந்தால்தான் கணக்கு. திகதியை வைத்து ஒயில் மாற்றுகிறவர், மாரியில் வீட்டில் நின்ற பைக்குக்கும் அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு நாளும் வயலுக்கு ஓடிய பைக்குக்கும் ஒரே கணக்குப் போடுகிறார்.

என் பைக் 6 வோல்ற்றா 12 வோல்ற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பற்றரியைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றுகிற மூடி மூன்று இருந்தால் 6 வோல்ற், ஆறு இருந்தால் 12. மூடிய பற்றரி என்றால் அதிலேயே எழுதியிருக்கும். பற்றரியே இல்லையென்றால் ஹெட்லைற் பல்பின் அடியில் பொறித்திருப்பதைப் பாருங்கள். ஆனால் யாராவது தவறான பல்ப் போட்டிருக்கலாம், ஆகவே பின் லைற், சிக்னல் பல்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1970-களில் வந்த சிறிய ஹொண்டாக்களில் 6 வோல்ற் நிறைய உண்டு. ஒரே பெயரில் வந்த பைக்கிலேயே முந்தியது 6, பிந்தியது 12 என்று இருக்கும். ‘எம்.டி. எல்லாம் இதுதான்’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு, உங்களுடையதைத் திறந்து பாருங்கள்.

6 வோல்ற் என்றால் கேபிளில் ஓடுகிற முள் மீற்றரைத் தவிர வேறொன்றையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முள் மீற்றர் ஓடுவதற்குக் கரண்ட் தேவையே இல்லை. உள்ளே ஒரு காந்தம் கேபிளோடு சுழல்கிறது. அதைத் தொடாமல் சுற்றியிருக்கிற அலுமினியக் கிண்ணம் அந்தக் காந்த இழுவையால் திரும்பப் பார்க்கிறது. மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து வைக்கிறது. வேகம் கூடக் கூட முள் ஏறுகிறது. பற்றரி செத்தாலும் இது சாகாது. வெளிச்சத்துக்குரிய சின்ன பல்பை மட்டும் 6 வோல்ற்றாக மாற்றிப் போட்டால் சரி.

பைக்கையே 12-க்கு மாற்றலாம்தான். அதற்கு மக்னெற் கொயில் (இஞ்சின் ஓடும்போது கரண்ட் தருகிற கொயில்), றெகுலேற்றர், பற்றரி, ஹோர்ன், சிக்னல் பிளாஷர், எல்லா பல்பும் மாற வேண்டும். வேறு காரணத்துக்காக மாற்றுவதென்றால் செய்யுங்கள். ஒரு மீற்றருக்காக மட்டும் செய்யாதீர்கள்.

12 வோல்ற் பைக்தான். ஆனால் டிஜிற்றல் மீற்றர் பூட்டிய அன்றே எரிந்துவிட்டது. ஏன்?

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, ஹெட்லைற் வயரில் இருந்து கரண்ட் எடுத்திருப்பீர்கள். பழைய சிறிய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைற் பற்றரியில் எரிவதில்லை. மக்னெற் கொயிலில் இருந்து நேராக வருகிற ஆடலோட்ட மின்னில் எரிகிறது. கண்டுபிடிப்பது சுலபம். இஞ்சினை நிறுத்தித் திறப்பை மட்டும் போட்டால் ஹெட்லைற் எரியாது. இஞ்சின் ஓடும்போது அக்சிலேற்றரை முறுக்க முறுக்க வெளிச்சம் கூடும். மல்ரிமீற்றரில் நேரோட்டத்துக்கு வைத்து அளந்தால், லைற் பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும்போதே பூச்சியத்தை ஒட்டிக் காட்டும். அந்த வயரில் டிஜிற்றல் மீற்றரையோ எல்.ஈ.டி. வெளிச்சத்தையோ கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, பற்றரி இல்லாமல் கிக் அடித்து ஓடுகிறீர்கள். மக்னெற்றில் நெருப்பு வருகிற பைக்குகள் பற்றரி இல்லாமலும் ஓடும். வன்னியில் அப்படி ஓடுகிறவர்கள் ஏராளம். பற்றரி கரண்டைச் சேமிப்பதோடு நிற்பதில்லை, ஏறி இறங்குகிற வோல்ற்றை அமைதிப்படுத்துகிறதும் அதுதான். அது இல்லாதபோது முறுக்குகிற முறுக்குக்கெல்லாம் வோல்ற் துள்ளும். பல்ப் தாங்கினாலும் மின்னணுச் சாமான் தாங்காது. முதலில் நல்ல பற்றரி, பிறகு மீற்றர்.

முள் மீற்றரா, டிஜிற்றலா?

நான் முள் மீற்றர் பக்கம்.

பளபளக்கிற டிஜிற்றல் மீற்றரில் வேகம், பெற்றோல், கியர், மணிக்கூடு எல்லாம் ஒரே முகத்தில் வருகிறது, விலையும் கைக்கெட்டும். இங்கே அதைக் கொல்வது வெயில். ஏப்ரல் மத்தியானத்தில் பரந்தன் சந்தியில் நிழலில்லாமல் நிற்கிற பைக்கின் மீற்றர் முகத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் மலிவான திரவப்படிகத் திரை கறுத்துப்போகும். ஆறினால் திரும்பி வரும், நாளடைவில் திரும்பி வராது. மத்தியான வெயிலில் எழுத்தும் தெரியாது. முள்ளும் வெள்ளை எழுத்தும் எந்த வெயிலிலும் தெரியும்.

டிஜிற்றல் பொருந்துகிற இடமும் உண்டு. முன் சில்லையே வேறு பைக்கில் இருந்து மாற்றிப் பூட்டி, கேபிள் போடுகிற இடமே இல்லாமற் போனவர்களுக்கு அதுதான் வழி. சில்லில் ஒரு சின்னக் காந்தம், போர்க்கில் ஒரு உணரி. காந்தத்தை ஸ்போக்கில் வெளி நுனிப் பக்கம் கட்டாமல் நடுக்குடத்தை ஒட்டிக் கட்டுங்கள். அங்கே விசையும் குறைவு, கல்லடியும் குறைவு. உணரிக்கும் காந்தத்துக்கும் நடுவே சில மில்லிமீற்றர் இடைவெளி போதும். பிறகு சில்லின் சுற்றளவை மில்லிமீற்றரில் மீற்றருக்குள் பதிய வேண்டும். அதைப் பதியாமல், பெட்டியில் வந்தபடியே ஓடுகிற டிஜிற்றல் மீற்றர்கள்தான் ஊரில் அதிகம்.

மீற்றர் ஓடுகிறது, ஆனால் வேகத்தைக் கூட்டிக் காட்டுகிறது. கடையில் ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்றார்கள்.

நட்டுப் பொருந்தும் என்றுதான் அதற்குப் பொருள். கணக்குப் பொருந்த வேண்டும்.

ஒவ்வொரு கேபிள் மீற்றரும், ஒரு கிலோமீற்றருக்குக் கேபிள் எத்தனை தரம் சுற்றும் என்ற ஒரு எண்ணை நம்பிச் செய்யப்பட்டது. ஜப்பான் பைக்குகளில் அது பெரும்பாலும் 1400. அதாவது 60 கி.மீ. வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 1400 தரம் சுற்றும். வேறு மீற்றர்கள் 1000 சுற்றுக்குச் செய்யப்பட்டவை. 1400 சுற்றுகிற சில்லில் 1000-க்குரிய மீற்றரைப் பூட்டினால் எல்லாம் 1.4 மடங்காகக் காட்டும். உண்மையில் 50-இல் போகும்போது முள் 70 காட்டும். கிலோமீற்றர் எண்ணிக்கையும் அதே அளவுக்குப் பொய். 1000 கி.மீ. ஓடியதும் ஒயில் மாற்றுகிறவர் உண்மையில் 714 கி.மீ. ஓடியிருப்பார். மறுபக்கமாக மாறிப் பூட்டினால் ஆபத்து: 70-இல் போய்க்கொண்டு 50 என்று நினைப்பீர்கள்.

உங்கள் பைக்கின் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். சீமெந்துத் தரையில் ரயரிலும் தரையிலும் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் ஏறி இருக்க, சில்லு ஒரு முழுச் சுற்று வரும்வரை உருட்டி, மறுபடியும் தரையில் கோடு போட்டு இடைவெளியை அளவுங்கள். அது 1.8 மீற்றர் என்று வையுங்கள். 1000-ஐ 1.8-ஆல் பிரித்தால், கிலோமீற்றருக்குச் சில்லு ஏறத்தாழ 556 தரம் சுற்றும். இனி முன் சில்லைத் தூக்கிவிட்டு, கேபிளின் மேல் நுனியில் ஒரு துண்டு ரேப்பைக் கொடி மாதிரி ஒட்டுங்கள். ஒருவர் சில்லை மெதுவாக 10 தரம் சுற்ற, மற்றவர் கொடி எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணட்டும். 25 என்றால் சில்லு ஒன்றுக்குக் கேபிள் இரண்டரை. 556 × 2.5 = 1390. ஆகவே உங்களுக்குத் தேவை 1400 மீற்றர். ஒரு பின்னேரம் போதும் இந்த வேலைக்கு. காசு கொடுக்கும் முன் செய்யுங்கள்.

மீற்றரின் முகத்தில், கீழே பொடி எழுத்தில் 1400 அல்லது 1:1400 என்று இருக்கிறதா என்று பாருங்கள். மைல் கணக்கு மீற்றரில் 2240 என்று இருந்தால் அதுவும் இதே சுற்றுக்குரியதுதான். எண்ணே இல்லாத மீற்றரை நான் வாங்க மாட்டேன்.

கேபிள் சுழலும் திசையையும் கவனியுங்கள். எதிர்த்திசை மீற்றர் என்றால் முள் பூச்சியத்துக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

இந்திய பைக்கின் மீற்றரைப் பழைய ஹொண்டாவுக்குப் போடலாமா?

மேலே சொன்ன சுற்று எண், திசை, கேபிள் நட்டு, வோல்ற் நான்கும் ஒத்துப்போனால் தாராளமாக. எந்தப் பைக்குக்கு எது என்று பட்டியல் தர விரும்பவில்லை. ஒரே மாதிரி பைக்கிலேயே ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. பெயர் தெரியாத புதிய மீற்றரைவிட, ஓடிய பைக்கில் இருந்து கழற்றிய கம்பனி மீற்றர் நீடிக்கும் என்பது என் அபிப்பிராயம். கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். பழைய மீற்றரைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரருக்கு வாயால் விளக்குவதைவிட மேசையில் வைத்துக் காட்டுவது நல்லது.

ரயர் அளவை மாற்றினால்?

சுற்றளவு மாறும், மீற்றரும் மாறும். மொத்தமான ரயர் போட்டால் மீற்றர் குறைத்துக் காட்டும். கேபிள் முன் சில்லில் என்றால் பின் ரயர் மாற்றம் பாதிக்காது.

இஞ்சின் சுற்று காட்டும் ரக்கோ மீற்றர் போட விரும்புகிறேன்.

அழகுக்கு என்றால் உங்கள் விருப்பம். எம்.டி. 90-க்கும் சாளிக்கும் அதனால் பயன் இல்லை. சி.டி. 125 மாதிரி இரட்டைச் சிலிண்டரில், இஞ்சின் ரியூனிங் பார்க்கிறவருக்கு ஓரளவு உதவும்.

மின்னணு ரக்கோ போடுவதென்றால் இரண்டு கவனம். ஒன்று, நாலடிப்பு இஞ்சினில் நெருப்பு இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் தேவை. ஆனால் மக்னெற் நெருப்புள்ள ஒற்றைச் சிலிண்டர்கள் பலவற்றில் சுற்றுக்கு ஒரு தரம் அடிக்கும். மீற்றரில் ‘சுற்றுக்கு ஒரு துடிப்பு’ என்று அமைக்காவிட்டால் நின்றபடி ஓடுகிற இஞ்சினே மூவாயிரம் காட்டும். இரண்டாவது, சி.டி.ஐ. என்ற மின்னணு நெருப்பு முறை உள்ள பைக்கில் கொயிலின் முதல் வயரில் அடிக்கிற அழுத்தம் 12 வோல்ற் இல்லை, சில நூறு வோல்ற். அதற்கென்று செய்யாத மீற்றரை அதில் நேராகக் கொடுத்தால் மீற்றர் போகும், கை வைத்திருந்தால் கையும் உதறும். பிளக் வயரைச் சுற்றி ஒரு வயரைச் சுற்றி எடுக்கிற வகை பாதுகாப்பு.

பெற்றோல் மீற்றர்?

ராங்குக்குள் மிதவை இருந்தால்தான் பெற்றோல் மீற்றர் வேலை செய்யும். பழைய பைக்குகளின் ராங்கில் அது இல்லை. ராங்கை ஓட்டை போட்டு, வெல்டிங் பிடித்து மிதவை வைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெற்றோலை ஊற்றி வெறுமையாக்கிய ராங்க் நிறைந்த ராங்கைவிட ஆபத்தானது. உள்ளே மிஞ்சியிருக்கிற ஆவியும் காற்றும் சேர்ந்து ஒரு பொறியில் வெடிக்கும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

மிதவை உள்ள ராங்க் என்றால் மிதவையின் மின்தடையும் மீற்றரும் ஒத்துப்போக வேண்டும். பல டிஜிற்றல் மீற்றர்களில் 100 ஓம், 510 ஓம் என்று தெரிவு செய்யலாம். ராங்க் நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் மிதவை வயரை மல்ரிமீற்றரில் அளந்துவிட்டுத் தெரிவு செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு என் வழி: ராங்கை நிரப்பி, கிலோமீற்றரைக் குறித்து, ரிசேர்வுக்கு மாற்றுகிற இடத்தில் மறுபடியும் குறியுங்கள். சில தரம் செய்தால் உங்கள் எண் பிடிபட்டுவிடும். போர்க்கால எரிபொருள் தடையில் மண்ணெண்ணெயில் ஓடிய தலைமுறை ராங்கை ஆட்டிச் சத்தத்தை வைத்தே அளவு சொன்னது. நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவே, யானை நடமாடுகிற வழியில் இருட்டுப்படப் போகிறவர் சத்தத்தை நம்பிப் போக வேண்டியதில்லை.

மேலதிகமாக ஒன்றே ஒன்று பூட்டலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

வோல்ற் மீற்றர். விலை குறைவு, இரண்டே வயர், பயன் மிக அதிகம். பழைய பைக்கின் மின்சாரப் பழுதுகளில் பாதி, பற்றரி சார்ஜ் ஏறாமையில் தொடங்குகிறது. அதை வாகனம் நடுவழியில் நிற்கும் முன்பே இது சொல்லிவிடும்.

12 வோல்ற் பைக்கில், இரவு முழுக்க நின்ற பற்றரி காலையில் 12.6-ஐ ஒட்டிக் காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. இஞ்சின் ஓடி, நடுத்தர வேகத்தில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். முறுக்கினாலும் 13-ஐத் தாண்டவில்லையென்றால் கொயில், றெகுலேற்றர் அல்லது நடு வயரில் பழுது. 15-ஐத் தாண்டினால் றெகுலேற்றர் போய்விட்டது. அன்றே நிறுத்திப் பாருங்கள், இல்லாவிட்டால் பற்றரி வெந்து தண்ணீர் வற்றும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். எண் காட்டுகிற சின்ன எல்.ஈ.டி. வகை போதும். அதைத் திறப்புக்குப் பின்னால் வருகிற வயரில் கொடுங்கள். பற்றரியில் நேராகக் கொடுத்தால், அம்மாவின் பைக் மாதிரிக் கிழமைக்கு ஒரு தரம் சந்தைக்குப் போகிற வாகனத்தில் அதுவே பற்றரியைக் குடித்துவிடும்.

இஞ்சின் சூடு காட்டுகிற மீற்றரும் கேட்கிறார்கள். காற்றில் ஆறுகிற சிறிய இஞ்சினுக்கு, ஒயில் அளவைக் கிழமைக்கு ஒரு தரம் பார்க்கிறவருக்கு அது தேவையில்லை.

எந்த வயரில் எதைக் கொடுப்பது?

ஹொண்டா என்றால் நிறம் பெரும்பாலும் இப்படி: பச்சை எர்த். சிவப்பு பற்றரியில் இருந்து நேராக வருவது. கறுப்பு திறப்புக்குப் பின்னால் வருவது. மீற்றருக்குக் கரண்ட் இதில்தான் எடுக்க வேண்டும். தோடம்பழ நிறம் இடது சிக்னல், வெளிர்நீலம் வலது. நீலம் ஹெட்லைற்றின் உயர் வெளிச்சம். மண்ணிறம் பின் லைற்றோடு சேர்ந்தது. மீற்றர் முகத்து வெளிச்சத்துக்கு இதை எடுக்கலாம். வெளிர்பச்சையில் சிவப்புக் கோடு நியூட்ரல்.

யமஹாவில் கறுப்புத்தான் எர்த், மண்ணிறம் திறப்புக்குப் பின் வருகிற கரண்ட். ஹொண்டாவில் பழகிய கை, யமஹாவில் கறுப்பைக் கரண்ட் என்று நினைத்துப் பூட்டினால் பியூஸ் போவது நிச்சயம். சீனத்து மீற்றர்களில் வருகிற வயர் நிறங்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அதோடு வருகிற தாளை எறிய வேண்டாம். பலர் கையடித்த பழைய வயறிங்கில் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மல்ரிமீற்றரில் பாருங்கள்.

மீற்றருக்குத் தனியாக 1 அல்லது 2 அம்பியர் பியூஸ் போடுங்கள். வயரை முறுக்கி ரேப் சுற்றுவதை விடுங்கள். வெயிலில் பசை உருகி ரேப் அவிழ்ந்து, புழுதி ஏறி, மாரியில் பச்சைக் கறள் பிடிக்கும். குண்டுமுனை இணைப்பியை அழுத்திப் பொருத்தி, சூட்டில் சுருங்குகிற குழாயைப் போட்டுவிட்டால் அடுத்த முறை கழற்றவும் சுலபம்.

நியூட்ரல் லைற் மட்டும் சிலரைக் குழப்பும். அதன் சுவிச் கரண்ட் தருவதில்லை, எர்த் தருகிறது. ஆகவே பல்பின் ஒரு பக்கம் கறுப்பு வயர், மறுபக்கம் நியூட்ரல் வயர்.

பழைய மீற்றரில் சிக்னலுக்கு ஒரே ஒரு லைற். எல்.ஈ.டி. போட்டதும் இடது போட்டாலும் வலதும் சேர்ந்து அடிக்கிறது.

பழைய முறையில் அந்த ஒற்றை பல்ப் இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவே இருக்கிறது. இடது போட்டால் கரண்ட் பல்ப் வழியாகப் போய் வலது சிக்னல் பல்புகள் வழியாக எர்த் பிடிக்கும். அந்தக் குறைந்த கரண்ட்டில் பழைய வலது பல்புகள் எரியாது, எல்.ஈ.டி. என்றால் ஒளிர்ந்துவிடும். தீர்வு: இடது வயரில் ஒரு டயோட், வலது வயரில் ஒரு டயோட், இரண்டும் சேர்ந்து மீற்றர் லைற்றின் ஒரு காலுக்கு, மற்றக் கால் எர்த்துக்கு. வானொலி திருத்துகிற எந்தக் கடையிலும் 4007 டயோட் என்று கேட்டால் சில்லறைக் காசுக்குத் தருவார்கள்.

பூட்டும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஹான்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபடக் கூடாது, கூர்மையாக மடியவும் கூடாது. முள் நடுங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த மடிப்பை.

உள்கம்பிக்குக் கிறீஸ் மெல்லிசாகப் பூசுங்கள், ஆனால் மேல் நுனியில் ஒரு சாண் நீளத்தை வெறுமையாக விடுங்கள். சுழலும்போது கிறீஸ் மேலே ஏறும். அது மீற்றருக்குள் போனால் கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்டிவிடும். பிறகு பைக் நின்றாலும் முள் இறங்காது.

பிறக்கெற்றுக்கும் மீற்றருக்கும் நடுவே றப்பர் வேண்டும். பழைய சைக்கிள் ரியூபை வெட்டி மடித்து வைத்தாலும் போதும். ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் றப்பர் இல்லாத மீற்றரின் முள் கழன்றுவிடும்.

புழுதியும் மழையும்?

பெட்டியில் ஐ.பி. 65 அல்லது 67 என்று இருந்தால் நல்லது. முதல் இலக்கம் 6 என்றால் தூசி புகாது. இரண்டாம் இலக்கம் தண்ணீருக்கு. நமக்கு முதல் இலக்கம்தான் முக்கியம். எண் எழுதாத மீற்றரின் பின் மூடி விளிம்பில் சிலிக்கன் பூசலாம், ஆனால் அடியில் இருக்கிற சின்ன மூச்சுத் துளையை அடைக்காதீர்கள். அடைத்தால் உள்ளே வியர்த்துக் கண்ணாடி மங்கும்.

சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஏ9-இல் கிலோமீற்றர் கற்கள் இருக்கின்றன. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் வீதி நேராகப் போகிறது. வாகனம் குறைந்த விடிய நேரத்தில் போங்கள். பின்னால் ஒருவரை ஏற்றுங்கள். நீங்கள் முள்ளை 50-இல் பிடித்து வைத்திருக்க, அவர் ஒரு கல்லில் இருந்து அடுத்த கல்வரை மணிக்கூட்டைப் பார்க்கட்டும். 72 செக்கன் என்றால் மீற்றர் மெய். 60 செக்கனில் வந்துவிட்டால் நீங்கள் போனது 60; மீற்றர் குறைத்துக் காட்டுகிறது, மாற்றியே ஆக வேண்டும். 78, 80 செக்கன் எடுத்தால் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது, அது பரவாயில்லை. மீற்றர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி 39-இலும் உள்ளது. கம்பனி மீற்றர்களே சற்றுக் கூட்டிக் காட்டுவது இதனால்தான்.

கைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடும் ஒப்பிடலாம். அதையும் பின்னால் இருப்பவரே பார்க்க வேண்டும்.

புதிய மீற்றரில் பூச்சியத்தில் தொடங்குகிறது. விற்கும்போது பிரச்சினை வராதா?

மாற்றிய அன்று பழைய மீற்றரின் எண்ணையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி, பைக்கின் புத்தகத்தோடு வையுங்கள். இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். வாங்குகிறவருக்குக் காட்டுங்கள். குறைந்த எண் உள்ள மீற்றரைத் தேடிப் பூட்டிவிட்டு ‘குறையத்தான் ஓடினது’ என்று விற்பது களவு. வாங்குகிறவர் அந்த எண்ணை நம்பித்தான் இஞ்சின் வேலையைத் தள்ளிப்போடுவார்.

கழற்றிய பழைய மீற்றரை எறியலாமா?

எறியாதீர்கள். கண்ணாடி, வளையம், பல்ப் கூடு, பின் நட்டு எல்லாம் இனி வராத சாமான்கள். சுருள்வில் அறுந்த மீற்றரின் உடலுக்குள் வேறு மீற்றரின் உள்ளுறுப்பை மாற்றிப் போடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொலித்தீன் பையில் கட்டி, எந்தப் பைக்கினுடையது என்று எழுதி வையுங்கள்.